ஒன்பது சுற்று

பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழைய கார் உடைப்பவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீட் சொதசொதவென்று அமுங்கியது.

"என்ஜின் தங்கமா இருக்குண்ணே. தண்ணிதான் வண்டியத் தின்னிருக்கு. மேல்கண்ணாடியத் தொறந்து போட்டுட்டு மூணு மழைக்காலம் வேடிக்கை பாத்த மகராசன் யாரு?"

வண்டிக்குச் சொந்தக்காரரான கொத்தனார் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது சிக்கிக்கிச்சு" என்றார்.

மகனிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும். சொல்லிச் சொல்லி அவருக்கே அது பாதி நிஜமாகிவிட்டிருந்தது.

கூரையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கைப்பிடி. இந்தப் பக்கம் சுற்றினால் கண்ணாடி திறக்கும், அந்தப் பக்கம் சுற்றினால் மூடும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. முழுசாகத் திறக்க ஒன்பது சுற்று.

உடைப்பவர் இரண்டே விரல் வைத்து மூடுகிற பக்கம் திருப்பினார். அரைச் சுற்று, வெண்ணெய் மாதிரி போனது.

"இதையா சிக்கிச்சுன்னீங்க? புது வண்டின்னா பட்டன். பேட்டரி செத்தா அதுவும் கூடவே செத்துரும், சுத்தியல்தான் எடுக்கணும். இது நம்மளயெல்லாம் அனுப்பி வச்சிட்டுத்தான் நிக்கும். இருங்க, மூடிட்டா சட்டத்தோட முழுசாக் கழட்டிரலாம்."

"விடு!"

அந்தக் குரல் கொத்தனாருக்கே புதிதாக இருந்தது. உடைப்பவர் இறங்கி நகர்ந்துகொண்டார்.

கொத்தனார் ஏறினார். முதல் வேலையாக அந்த அரைச் சுற்றைத் திருப்பிச் சுற்றி, கண்ணாடியைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. பக்கத்து சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்த மனைவி, கொஞ்சம் வானம் பார்க்க வேண்டும் என்று கைப்பிடியைப் பிடித்தாள். அவர் உதவிக்கு நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். எப்போதும்போல் வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றினாள்.

நாலு என்றாள்.

சிக்னலைப் பார்த்துக்கொண்டே அவர் அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தார். அது வரவேயில்லை.

அந்த நாலு சுற்றுச் சந்துக்குள், அதற்குப் பிறகு மழையைத் தவிர வேறு யாரையும் அவர் விடவில்லை.

இப்போது சிமெண்ட் தின்ற விரல்களால் கைப்பிடியைப் பிடித்தார். சுற்றினார். தலைக்குமேல் வெளிச்சம் அகன்றது.

"அண்ணே, அந்தப் பக்கம் இல்ல, மூடணும்."

"அஞ்சு" என்றார் கொத்தனார்.