கழுதை ஓட்டிய படகு

"கழுதையா? முதுகு முழுக்கக் கழுதையா?"

அண்ணி போட்ட சத்தத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதுகு முழுக்க ஏரி, அண்ணி. கழுதை படகுலதான் இருக்கு" என்றாள் அவள், அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல.

அவளுக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை. உடம்பில் இதுவரை ஒரு புள்ளிகூடப் பச்சை குத்திக்கொண்டதில்லை. முதல் டாட்டூவே தோளிலிருந்து இடுப்பு வரை வேண்டும் என்று பிடிவாதம். சமீபத்தில்தான் கல்யாணமாகி வீட்டுக்கு வந்த அண்ணி, பள்ளிக்கூட டீச்சர். "தனியாப் போய் எவன்கிட்டயாவது மாட்டிக்காதே" என்று கூடவே கிளம்பிவிட்டாள்.

முதல் கடையில் அண்ணி ஊசிப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புண் ஆறிய பிறகு எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள்.

"எங்ககிட்ட குத்திக்கிட்டவங்க திரும்பி வரவே மாட்டாங்க மேடம்" என்றான் கடைக்காரன் பெருமையாக.

அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது கடைக்காரரின் வேலை கச்சிதம். கோடுகள் அச்சடித்தது போல இருந்தன. ஆனால் அவள் படத்தை விவரித்ததும் சிரித்துவிட்டார். "கழுதை வேண்டாம்மா, பின்னாடி வருத்தப்படுவீங்க. அதே ஏரி, அதே படகு. கழுதைக்குப் பதிலா நல்ல குதிரையாப் போட்டுத் தரேன்."

"குதிரைக்குப் படகு ஓட்ட வராது" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் இன்னொரு கடைக்குப் போன் செய்தாள். எடுத்தவர் அதிகம் பேசவில்லை. எப்போது வர வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். அவர் வைத்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணி, இவர்தான்."

"படத்தைப் பாத்தியா? கையைப் பாத்தியா? குரலைக் கேட்டு யாராவது பச்சை குத்திக்கப் போவாங்களா?"

"தெரியல அண்ணி. கேக்கறப்போ கண்ணு சொக்குது."

அந்தக் கடை ஒரு மாடி அறை. திறந்த ஜன்னலில் வெள்ளைத் திரை மூச்சு விடுவது போல உப்பித் தணிந்துகொண்டிருந்தது. டாட்டூக்காரருக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஊசிகள் பிரிக்காத பாக்கெட்டில் இருந்தன. பல வருடங்களுக்கு முன் ஒருவர் கையில் குத்திய இலைக்கொடியைச் சமீபத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். கோடு எங்கேயும் கலங்கவில்லை. அண்ணி முதல்முறையாகத் தலையாட்டினாள்.

"அவசரமில்லம்மா. கண்ணை மூடிக்கிட்டு, என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க. நான் காகிதத்துல வரையறேன்" என்றார் அவர்.

அவள் கழுத்தைத் தொடாத குட்டை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு கண்களை மூடினாள்.

"ஒரு ஏரி. ஒரே பனி. கரை எந்தப் பக்கம்னே தெரியாது. வெளிச்சம் மேலேருந்து வரல, தண்ணிக்கு அடியிலேருந்து வருது. கீழே யாரோ விளக்கு வச்சுக்கிட்டுப் படிக்கற மாதிரி."

"ம்."

"ஒரு படகு. ரொம்ப மெதுவாப் போகும். உள்ள எல்லாம் மீனுங்க. நீந்தத் தெரியாத மீனுங்க. பயந்துபோய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்."

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பென்சில் நகரும் சத்தம் நின்றது.

"படகை ஓட்டறது யாரு?" என்று கேட்டார் அவர்.

"கழுதை. கண்ணாடி போட்ட கழுதை. துடுப்பு போடறதைவிட அது பேசறதுதான் ஜாஸ்தி. 'தூங்கிடாதீங்க, இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு'ன்னு மீனுங்ககிட்ட சொல்லிக்கிட்டே வரும்." அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "ஒரே ஒரு தடவை வந்த கனவு சார். ஆனா ரொம்ப நீளம். அந்தப் படகுல இருந்தப்போ எனக்குப் பயமே வரல. அதான், அதை முதுகுலயே வச்சுக்கலாம்னு..."

திரை உப்பித் தணிந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கழுதையோட கண்ணாடியில எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கு?"

"இடது பக்கம்" என்றாள் உடனே. பிறகு சட்டென்று கண்களைத் திறந்தாள். "உடைஞ்சிருக்குன்னு நான் சொல்லவே இல்லையே, சார்?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்தக் கனவு வந்தப்போ நீங்க எங்கேம்மா இருந்தீங்க?"

அவள் அண்ணியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வெளியாட்களிடம் அவள் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. "பெரிய ஆஸ்பத்திரியில சார். வேலை பாக்கறப்போ லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துட்டேன். ரெண்டு மாசம் நினைவே இல்லாம கிடந்தேன்."

"திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது நீங்கதானா?" என்றார் அவர். "இந்தப் பக்கக் கட்டில்ல என் பொண்ணு. பேசிக்கிட்டே இருங்க, அவளுக்குக் கேக்கும்னு டாக்டர் சொன்னார். தினமும் பக்கத்துல உக்காந்து இந்தக் கதையைத்தான் சொன்னேன். கடைசி வரைக்கும் அவ கண்ணைத் திறக்கவே இல்லம்மா... நான் சொன்னது யார் காதுலயுமே விழலைன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."