மடியில் நின்ற பெட்டி

கடைக்காரர் இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளைக் காலியாகவே எடுத்து வைத்தார். பெரியது ஜெபசிங்கின் தொடை உயரம் இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் மூன்று ஃபேன். சின்னது செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

கேம் விளையாடப்போவது அவன் மனைவி மெர்லின். ஆனால் பெரியதுதான் என்று முடிவெடுத்தது அவன். அது நிற்பதற்காக வீட்டு மேசையின் கீழ்த்தட்டைக்கூட அறுத்தெடுத்துவிட்டு வந்திருந்தான்.

"இதுன்னா சூடு தங்காது. பின்னாடி எது வேணா சேத்துக்கலாம்" என்றான்.

மெர்லின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்னப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அணைத்தபடி இடமும் வலமுமாக லேசாக ஆடினாள். பெட்டி நழுவவில்லை.

"என்ன பண்ற?"

"பஸ்ல வச்சிக்க முடியுதான்னு பாக்கேன்."

ஜெபசிங் சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, எல்லாம் மாட்டினா எவ்வளவு வெயிட் வரும்?"

"ஏழு கிலோ வரும்மா. ஒரு ஆளே தூக்கிரலாம்."

"ஒரு ஆளே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள் மெர்லின். பிறகு ஜன்னலோர சீட்டு கிடைத்தவளைப்போல இடப்பக்கம் திரும்பி, கடைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபசிங் பெரிய பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான்.

"எந்த ஊரு பஸ்?" என்று கேட்டான்.