சைபர் காட்டிய வீடு

தரைக்கடியிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளக்க, திருச்செங்கோட்டில் ஒரு தெருவுக்கே வீட்டுக்கொரு மீட்டர் கொடுத்திருந்தான் சிவபிரகாஷ். ஒரு வாரம் கழித்துப் போனால் எல்லா வீட்டிலும் எண் எகிறிக் கிடந்தது.

கடைசி வீட்டு சரிதா மட்டும் உள்ளேயிருந்து பெருமையாகக் குரல் கொடுத்தாள். "சைபருங்க!"

வாசலிலேயே மலைத்து நின்றான். "சன்னலைத் தொறந்தே வெச்சிருந்தீங்களா?"

"கொசு வருமுங்களே. சாத்தித்தான் இருந்துச்சு."

"தரை வெடிப்பைப் பூசுனீங்களா?"

"அதுக்கெல்லாம் எங்கூட்டுக்காரரு எங்கீங்க அசையறாரு?"

"அதிசயமுங்க! மீட்டரைக் கொண்டாங்க, போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்போணும்."

பூஜை அறையிலிருந்து அதை இரு கையாலும் ஏந்தி வந்தாள். காற்று நுழையும் துளைகள் அத்தனையிலும் சந்தனம் கெட்டியாக அப்பியிருக்க, மேலே குங்குமம்.

"புது மிஷினுக்குப் பொட்டு வெக்காம எப்படீங்க? இருபத்திநாலு ஓட்டைங்க, ஒண்ணுகூட உடலீங்க!"