மறு கயிறு

"கதிர்காமத்தம்பி ராசமலர்!"

முனாப் வாய் நிறையக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வாட்டின் கூரையில் இருந்த காகமே எழும்பிப் பறந்தது.

"இது பெயரா, ஊர்வலமா?" என்று பரீட்சை நடத்த வந்திருந்த வெள்ளைக்கார டொக்டர் இங்கிலீசில் கேட்டார். "எனக்கு மிஸ் மலர் போதும்."

முனாப் அதையும் தமிழில் சொன்னார். அவர் அப்படித்தான். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த காலத்தில், சாட்சி இருமினால் அந்த இருமலையும் முனாப் இங்கிலீசில் இருமுவார் என்று பகிடி பண்ணுவார்கள். சண்டையால் ஆள் தட்டுப்பாடு வந்து, தமிழில் படித்த பிள்ளைகளும் மனநோய்த் தாதிப் பரீட்சைக்கு வரலாம் என்று ஆனபோது, டொக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் அவரைக் கொண்டுவந்து இருத்தினார்கள்.

ராசமலர் வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டாம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று, துறைமுகத் தெருவில் அலைந்து திரிந்த மனிதர் அந்தக் கட்டிலில் கிடந்தார். ஒரு வருடமாகப் பேச்சில்லை. திடீரென்று எழும்பிக் கையை வீசுவார். காலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்வார். கிட்டப் போனவர்களுக்கு அடி விழும். அதனால் கையைக் கட்டி வைத்துத்தான் சோறு ஊட்டினார்கள். இன்று அவர் தன் கையால் சாப்பிட்டால் ராசமலர் பாஸ்; இந்த வாட்டையே அவள் பொறுப்பில் விடுவார்கள். இல்லையென்றால் அவள் வீட்டுக்கு, அவர் அடுத்த ரயிலில் அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு.

"முதலில் ஒரு கேள்வி," என்றார் டொக்டர். "நோயாளி உமக்குச் சொந்தமா? போன கிழமை ஒருத்தி தன் மச்சானையே நோயாளி என்று படுக்க வைத்துவிட்டாள். அவன் பாதியில் எழும்பி என்னிடம் சிகரெட் கேட்டான். சொந்தக்காரர் என்றால் பரீட்சை செல்லாது. ஆளையும் வெளியே அனுப்பிவிடுவேன்."

முனாப் சிகரெட் உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

ராசமலர் சிரிக்கவில்லை. "பேர் ஊர் தெரியாத ஆளெண்டுதானே முனாப் நானா, கட்டில்ல எழுதிக் கிடக்கு," என்றாள்.

அதுவும் சொல்லுக்குச் சொல் இங்கிலீசுக்குப் போனது. டொக்டர் தலையாட்டினார்.

அவள் அவருடைய கைக்கட்டை அவிழ்த்தாள். முனாப் கதவோரம் ஒதுங்கினார்.

"பயப்பிடாதேங்கோ நானா. அவர் அடிக்கிறேல்ல. உள்ளங்கையைப் பாருங்கோ, கயித்துத் தழும்பு. கரையில நிண்டு ரெண்டு பக்கக் கயிறு பிடிச்சுக் கரைவலை இழுக்கிற ஆள்."

படுக்கைத் துணிகளை முறுக்கி முடிச்சுப் போட்டு, இரண்டு நீளக் கயிறாக்கி, வாட்டின் மறுகோடித் தொங்கலில் கிடந்த வெறும் இரும்புக் கட்டிலில் அவள் முன்னமே கட்டியிருந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் இழுத்தார். கட்டில் கிறீச்சிட்டுக் கோணலாகத் திரும்பியது. உடனே நிறுத்திவிட்டு, வலப்பக்கம் பார்த்துக் கையை வேகமாக வீசினார்.

"பாத்தீங்களே? ஒரு பக்கம் மட்டும் இழுத்தா வலை கோணும், மீன் போயிரும். மற்றக் கயித்துக்காரரை இழுக்கச் சொல்லிக் கை காட்டுறார். ஒரு வருசமாக் காட்டுறார். அங்க நிண்ட ஒருத்தரும் இப்ப இல்லை." அவள் குரல் தாழ்ந்தது. "அண்டைக்குக் குண்டு விழேக்க வலை கடலுக்குள்ளதான் கிடந்திருக்கும்."

முனாப் மொழிபெயர்த்து முடிக்கும்போது அவர் குரலும் தாழ்ந்துவிட்டது.

டொக்டர் வாயிலிருந்த பைப்பை எடுத்து வைத்தார். கோட்டைக் கழற்றினார். மற்றக் கயிற்றைப் பிடித்தார்.

"நீரும் வாரும், மிஸ்டர் முனாப்!"

"ஏலேலோ..." என்று ராசமலர் குரல் எடுத்தாள்.

இழுத்தார்கள். டொக்டர் அவசரப்பட்டபோது அந்த மனிதர் கையைத் தாழ்த்திக் காட்டினார், டொக்டர் அடங்கினார். தளரவிட்டபோது கையை உயர்த்தினார். டொக்டர் குதியை ஊன்றினார். மற்றக் கட்டில்களில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி நின்றார்கள். இரும்புக் கட்டில் ஒரு கோணலும் இல்லாமல் நேரே வந்து அவர்கள் காலடியில் நின்றது.

வலை கரை ஏறிவிட்டது.

அந்த மனிதர் கயிற்றைப் போட்டார். முகத்தைத் துடைத்தார். குந்தியிருந்து, பசித்தவன் போலச் சுற்றிப் பார்த்தார். ராசமலர் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தாள். அவர் மீன்குழம்பைப் பிசைந்து ஒரு வாய் உண்டார். பிறகு இன்னொரு வாய்.

பள்ளிவாசலுக்குள் தொழ நிற்பதுபோல முனாப்பின் கைகள் தாமாகவே நெஞ்சில் கட்டிக்கொண்டன.

"பெயரைக் கேளும்," என்று டொக்டர் மெல்லச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அண்ணன், உங்கட பேர் என்ன?" என்றார் முனாப்.

"நானா, இப்ப வேண்டாம்!" என்றாள் ராசமலர். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பொத்தென்று வைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் வந்தாள்.

அந்த மனிதர் தலையை நிமிர்த்தினார். ஒரு வருடம் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்து வந்தது.

"கதிர்காமத்தம்பி."

காலையில் முனாப் தன் வாய் நிறையக் கூப்பிட்ட பெயர். பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பனின் பெயர் என்பது இந்த ஊரில் டொக்டர் ஒருவருக்குத்தான் தெரியாது. முனாப் ராசமலரைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் டொக்டர்.

"சோத்துக்கு உப்புக் காணாதாம், ஐயா," என்று முனாப் தன் வாழ்க்கையில் முதன்முறையாகப் பிழையாக மொழிபெயர்த்தார்.