விரல் பதியும் இலை

மாடி வீட்டு அக்கா அவளுடைய கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனதும், அவள் ஜன்னலோரத் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டாள்.

இது முதல் தடவை இல்லை.

அந்த ஜன்னல் முழுக்கக் குட்டிக் குட்டித் தொட்டிகள். எல்லாமே ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை விரித்து, உள்ளங்கையில் அடங்கும் செடிகள். எச்சிவேரியா, ஹவோர்த்தியா என்று அக்கா வாய் நிறையப் பேர் சொல்லுவாள். நுனி சிவந்தது ஒன்று, வெள்ளை வரி போட்டது ஒன்று, மாவு பூசினாற்போல் சாம்பல் நிறத்தில் ஒன்று. அவளுக்குக் கண்ணெல்லாம் அந்த மாவுச் செடிமேல்தான். ஓர் இலையை மண்மேல் வைத்தாலே முழுச் செடி வந்துவிடுமாம்.

கேட்டு வாங்கலாம்தான். ஆனால் எதிர்வீட்டு டீச்சர் கேட்டதற்கே அக்கா, "வேர் பிடிக்காது, விடுங்க" என்று சொல்லிவிட்டாளாம். மகா கஞ்சம் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு.

"மறுபடியும் சுட்டுட்டியா?" என்றான் கணவன்.

"எடுத்தேன்."

"மாட்டிக்கிட்டா மானம் போயிடும்."

"மாட்ட மாட்டேன். நான் போனாலே அவங்க இவனைத் தூக்கிட்டு உள்ள போயிடுவாங்க."

இலையை உடனே நட்டு, தளும்பத் தளும்பத் தண்ணீர் விட்டாள். முந்தினவை போலவே அதுவும் கூழாகிப் போனது.

அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை எடை போட்டுவிட்டு, "ஏறவே இல்லையேம்மா. என்னதான் பண்றீங்க?" என்று கேட்டிருந்தாள். மாமியாரும் போனில் அதையே கேட்டார்.

"சும்மா போட்டாலே வளருமாம் அது. அதையே என் கை அழுக வைக்குது. இவனை எப்படிங்க வளர்ப்பேன்?"

கணவன் குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அடுத்த முறை போனபோது கிள்ள வேண்டிய வேலையே இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இலை உதிர்ந்து, அடி காய்ந்து கிடந்தது. சுருட்டிக்கொண்டு வந்தாள்.

அது அழுகவில்லை. நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேர் விட்டது. பிறகு அதன் அடியில் கடுகளவு ரோஜா ஒன்று எட்டிப் பார்த்தது. அன்றைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவள் பாட்டு முணுமுணுத்தாள்.

ஆனால் நெஞ்சு குறுகுறுத்தது. வளர்ந்தது என்னவோ திருட்டுச் செடி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஜன்னல்ல இலை உதிர்ந்து கிடக்கு. கூட்டித் தள்ளிடவா?" அக்காவின் வீட்டுக்காரர் குரல்.

"கை வைக்காதீங்க. கிள்ளின இடம் காயட்டும்னு நான்தான் போட்டு வச்சிருக்கேன். ஈரத்தோட நட்டா அழுகிடும். கீழ்வீட்டுப் பொண்ணுக்கு அது தெரியல."

"யாரு, அந்தத் திருட்டுப் பொண்ணா?"

"மெதுவாப் பேசுங்க. இலை மாவுல விரல் பதிஞ்சு கிடக்கும். அதை மறைக்கக்கூடத் தெரியாத திருடி."

"தெரிஞ்சுதான் குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போயிடறியா? ஒரு தொட்டியையே கையில குடுத்துட்டா என்ன?"

மெஷின் நின்றது.

"குடுத்தா, செடி என்னாச்சுன்னு நான் கேப்பேனோன்னு அதுக்கு வேற பயந்து சாவா. ஏற்கெனவே பிள்ளை ஏன் தேறலைன்னு ஆளாளுக்கு அவளை நிக்க வச்சுக் கேக்கறாங்க. இது ஒண்ணையாவது அவ யாருக்கும் பதில் சொல்லாம வளர்க்கட்டுமே."