வாசலில் ஒரு படுக்கை மூட்டை

வீடில்லாத பெண்கள் தங்கும் விடுதியின் கூடத்தில் காலை வெயில் சன்னல் கம்பிகளை வரிவரியாகத் தரையில் போட்டிருக்கிறது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வரிசையில் நிற்பவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கூச்சல். நேற்று வந்து சேர்ந்தவள் விடுதியின் விரிப்பு, தலையணை, போர்வை எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். கூடத்தைப் பெருக்குகிறவள் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி மறிக்கிறாள். "வந்த மறுநாளே கைவரிசையா? இவள வெளிய அனுப்புக்கா!" "இருடி, அவசரக்குடுக்கை." அக்கா கெட்டிலை வைத்துவிட்டு வருகிறாள். "எங்கம்மா கிளம்பிட்டே?" "மூஞ்சி கழுவத்தான். விட்டுட்டுப் போனா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்." துடைப்பம் தானாகத் தாழ்கிறது. "குடு, நான் பாத்துக்கறேன்." அவள் அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூட்டையைக் கொடுக்கிறாள். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்காருகிறாள். முற்றத்துக் குழாய்க்குப் போகிறவள் அடிக்கொருதரம் திரும்பிப் பார்க்கிறாள். உள்ளேயிருந்து, "அக்கா, பால் பொங்குது!" என்று சத்தம் வருகிறது. "நீயே இறக்குடி, என்னால எந்திரிக்க முடியாது" என்கிறாள் அக்கா, மூட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி.