சராசரி வாசகர்

"இன்னும் புரியலையேம்மா," என்றார் சராசரி.

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கடிதத்தில் இருந்ததே இரண்டு வரி. 'இனி உங்களுக்கு இங்கே வேலை இல்லை. உங்கள் வேலையை மெஷின் செய்யும்.' இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

"எந்த இடத்துல புரியலைண்ணே?"

"வேலை இல்லைன்னா சும்மா உட்கார்ந்திருக்கலாம்னு அர்த்தமா? சம்பளம் உண்டுதானே?"

சராசரி என்பது அவர் பெயரல்ல, பதவி. மேஜை மேல் 'சராசரி வாசகர்' என்று பலகையே வைத்திருந்தார்கள். கம்பெனியின் எந்தக் காகிதத்தையும் முதலில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். புரிந்தால் பச்சை முத்திரை குத்துவார், புரியாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். முத்திரை இல்லாத காகிதம் செல்லாது. கழிவறைக் கதவில் 'தள்ளவும்' என்று ஒட்டுவதற்கே மனிதர் ஒரு வாரம் இழுத்தடித்தார். யாரைத் தள்ளுவது என்பது அவருடைய சந்தேகம்.

அவருக்குப் புரியும்படி எழுதித் தொலைப்பது அவள் வேலை. காலையில் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஒருத்தரை வேலையிலேருந்து நிறுத்தணும். பேர் எழுதுற இடத்தைக் காலியா விடுங்க, நான் நிரப்பிக்கறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பாஸ் ஆகலைன்னா உத்தரவே செல்லாது. ஒரு கடிதத்தைக்கூடப் பாஸ் பண்ண முடியலைன்னா அப்புறம் உங்களுக்கு எதுக்கு நாற்காலி?"

யாரை நிறுத்துகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? போன வாரம்தான் ஒரு மெஷின் வந்து மூலையில் குந்தியிருந்தது. காகிதத்தைக் கொடுத்தால், படிக்க எவ்வளவு சுலபம் என்று நூற்றுக்கு மார்க் போடும். மார்க் குறைந்தால் தானே திருத்தி எழுதி வேறு நீட்டும், அதிகப்பிரசங்கி. அப்படி ஒன்று வந்த பிறகு வாசித்துப் பார்க்க மனிதர் எதற்கு?

தன் சீட்டைத் தானே கிழிக்க யாருக்கு மனசு வரும், அதனால்தான் புரியாத மாதிரி நடிக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நாற்காலியா தன் நாற்காலியா என்று வந்த பிறகு பாவம் பார்த்துக் கட்டுப்படியாகுமா?

படம் போட்டுக் காட்டினாள். ஒரு கட்டடம், அதிலிருந்து பையோடு வெளியே போகும் ஒரு ஆள்.

"டீ குடிக்கப் போறாரா?"

"இல்லைண்ணே. போனா திரும்பி வர மாட்டார்."

"அவ்வளவு தூரத்துலயா டீக்கடை?"

பல்லைக் கடித்துக்கொண்டு நடித்தே காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்க் கண்ணைத் துடைத்தாள். கணக்குப் பிரிவு மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சராசரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேண்டாம்மா. பார்க்கவே நல்லா இல்லை. வந்து உட்காரு."

மெஷின் எப்போதோ நூற்றுக்கு நூறு போட்டுவிட்டது. ஐந்து அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இது பாஸ் ஆகலைன்னா என் வேலை போயிடும். வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். வீட்டுக்காரருக்கு இன்னும் எங்கயும் கிடைக்கலை."

"கொஞ்சம் பொறுத்துக்கோயேன். அஞ்சு அடிச்சிடட்டும்."

"அடிச்சா நான் தொலைஞ்சேன்."

"நிஜமாவே குத்தணுமாம்மா?"

"குத்துங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, முத்திரையை எடுத்து ஒரே குத்தாகக் குத்தினார். மேனேஜர் அறைக்குள் மணி ஐந்து அடித்தது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிம்மதி வந்ததும் கூடவே இரக்கமும் வந்தது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க வேலை போகுதேன்னு எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"என் வேலையா? அது எப்படிம்மா போகும்? அந்த மெஷினுக்கு எல்லாமே புரிஞ்சு தொலைக்குது. புரியாம முழிக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

அவள் விழித்தாள். அவர் முத்திரையை ஓரமாக வைத்தார்.

"காலையில மேனேஜர் ஆளை நிறுத்துற உத்தரவையும் என்கிட்டதான் வாசிச்சுக் காட்டினாரு. நான் குத்தின பிறகுதான் பேரைச் சொன்னாரு. கடிதம் பாஸ் ஆகுறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னாரு. புரியலைன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லலை. அதான் எப்படியாவது அஞ்சு மணிவரைக்கும் இழுத்துடலாம்னு பார்த்தேன்."

"அப்போ இந்தக் கடிதம் யாருக்குண்ணே?"

சராசரி காகிதத்தை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"உனக்குத்தாம்மா."